ஒருத்தரும் வெட்டக் கூடாத மரம்

அந்தத் தோட்டத்தில் கீரை போடலாம், மரம் வைக்கக் கூடாது.

கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி, பன்வில பஸ் மூச்சிரைக்க ஏறி வந்து நிற்கும் முடக்கிலிருந்து இன்னும் இரண்டு மைல் நடந்தால் வருகிற தோட்டம் அது. மரம் வைக்கக் கூடாது என்பது வெள்ளைக்காரத் துரை காலத்துச் சட்டம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் போஞ்சி போடு, கிழங்கு போடு, மிளகாய் போடு, யாரும் கேட்கமாட்டார்கள். அதெல்லாம் ஒரு பருவம் வந்துவிட்டுப் போகிறவை. மரம் அப்படியா? இன்றைக்கு மரம் வைத்தவன் நாளைக்கு ‘இது என் இடம்’ என்று நிற்பான். ஆகவே ஒரு கமுகங்கன்று தலைநீட்டினாலும் பிடுங்கி எறிந்துவிட்டு, வைத்தவனுக்கு ஒரு வாரம் வேலையை நிறுத்திவிடுவார்கள். துரைமார் மாறினார்கள், கொடி மாறியது, தோட்டத்தை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. இந்தச் சட்டம் மட்டும் லயத்து ஆட்களின் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மூக்காயி பிறந்ததும் இந்தச் சட்டத்துக்குள்தான். பத்து வயதில் கூடை மாட்டினாள், பதினெட்டில் பழனியாண்டிக்கு வாழ்க்கைப்பட்டாள். லயத்தின் கடைசி அறையான தொங்கல் காம்பராவில் குடித்தனம். வாய் குறைவு, பிடிவாதம் நிறைய. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை ஒரு றாத்தல் குறைத்தால் சண்டை போடமாட்டாள், கூடையையும் எடுக்கமாட்டாள். அங்கேயே நிற்பாள். பின்னால் வரிசை நின்றுபோகும். கடைசியில் அவனே திரும்ப நிறுப்பான்.

அறுபத்திரண்டாம் ஆண்டு தை மாதம் மகள் இராசமணி பிறந்தாள். மருத்துவச்சி நஞ்சுக்கொடியை ஒரு பழைய சட்டியில் போட்டு, வழக்கம்போலப் பின்னால் புதைக்கச் சொன்னாள். லயத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது? கான் இருக்கிறது. இருபது காம்பராவின் அழுக்குத் தண்ணீரும் ஓடுகிற கான்.

“எம் புள்ளையோட கொடி கானுக்குள்ள கெடக்கவா?” என்றாள் மூக்காயி, பாயில் படுத்தபடியே.

“வேற எங்க வைக்கிறது? நமக்குன்னு ஒரு அடி எடம் இருக்கா?” என்றான் பழனியாண்டி.

“ஊத்துப் பள்ளத்துல வையுங்க. நரி தோண்டாம ஆழமா வையுங்க. மேல ஒரு பலாக்கொட்டையும் போட்டுட்டு வாங்க, எடம் தெரியணும்ல.”

பிள்ளை பெற்றவள் சொல்லைத் தட்டக் கூடாது என்று அவன் போனான். ஊற்றுப் பள்ளம் லயத்துக்குக் கீழே இருந்தது. எப்போதும் ஈரம் கசிகிற இடமாகையால் அங்கே தேயிலை அழுகி, தோட்டம் கைவிட்ட நிலம். ஊற்றைச் சுற்றிப் புதர். புதருக்கு மேலே, பழனியாண்டியுடையதும் சேர்த்து, எட்டுக் குடும்பங்கள் ஆளுக்கொரு துண்டு கொத்திக் காய்கறி போட்டிருந்தன. ஜீப் போகாத இடம். துரை கால் வைக்காத இடம்.

கொட்டை முளைத்தது. மூன்று வருடத்தில் மூக்காயியின் இடுப்பளவு வந்துவிட்டது. அப்போதுதான் அங்கமுத்து கங்காணி கண்ணில் பட்டது.

“என்னா புள்ள இது?”

“பலாங்க.”

“அது எனக்குத் தெரியாதா? வெட்டு. நான் பாக்க வெட்டு. துரை கேட்டா ‘நின்னு வெட்ட வச்சேன்’னு சொல்லணும்.”

அங்கமுத்து பொல்லாதவர் அல்ல. பயந்தவர். தன் ஆட்களில் ஒருவருக்கும் வேலை நின்றுபோகக் கூடாது என்கிற பயம் அது. மூக்காயி கவ்வாத்துக் கத்தியை எடுத்தாள். வருடக்கணக்காய்த் தேயிலைச் செடியை வெட்டுகிறவர்களைப் பார்த்துப் பழகியவள், எங்கே வெட்டினால் சாகும், எங்கே வெட்டினால் துளிர்க்கும் என்று அவளுக்குத் தெரியும். முழங்கால் உயரத்தில் ஒரே வெட்டு. கங்காணி திருப்தியாகப் போனார். அடுத்த மழைக்கு இரண்டு துளிர் வந்தது. இரண்டையும் அவள் விட்டுவிட்டாள். அதனால்தான் அந்தப் பலாவுக்கு இரட்டை உடம்பு.

இராசமணிக்கு ஒன்பது வயதானபோது பழனியாண்டி காய்ச்சலில் போய்விட்டான். அந்த வருடம் மரம் முதல் பிஞ்சு விட்டது. மூக்காயி யாரிடமும் அழவில்லை. காலையில் பேர் கூப்பிடும் பிரட்டு முடிந்து வேலை இல்லாத நாட்களில் ஊற்றடிக்குப் போய், மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். ஊற்றைச் சுற்றி இருந்த ஒரு செடியையும் அவள் கொத்தவில்லை, மற்றவர்களைக் கொத்த விடவுமில்லை. நிழல் போனால் தண்ணீர் போய்விடும் என்பது அவள் கண்ணால் கண்டது. மேல்மலையில் புதரை வெட்டி வெளியாக்கிய வருடமே அங்கிருந்த ஓடை மணலாகப் போயிற்று.

எழுபத்தேழு ஆவணியில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. லயத்தின் மேல் வரிசை எரிந்தது. மூக்காயி மகளை இழுத்துக்கொண்டு ஊற்றுப் புதருக்குள் போனாள். நாத்தனார் சுப்பம்மாவும் பின்னாலேயே வந்தாள். இரண்டு பகல், இரண்டு இரவு. அடுப்பில்லை. மரத்தில் பழுத்த ஒரு பலாப்பழத்தைக் கையாலேயே பிளந்து தின்றார்கள், ஊற்றுத் தண்ணீர் குடித்தார்கள். மூன்றாம் நாள் காலையில் கீழே நாட்டுப்புறத்திலிருந்து பொடிமெனிக்கே என்ற சிங்களத்தி ஒரு சட்டிச் சோற்றோடு வந்து, “மூக்காயி, மூக்காயி” என்று மெதுவாகக் கூப்பிட்டாள். அவளும் தண்ணீர் எடுப்பது அந்த ஊற்றில்தான். எங்கே இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு பலர் வடக்கே வவுனியாப் பக்கம் போனார்கள். அங்கே காணி கிடைக்கும் என்று பேச்சு. சுப்பம்மாவின் மகன் போனான்.

“நீயும் கெளம்பு மதினி. இங்க நமக்கு என்னா இருக்கு?” என்றாள் சுப்பம்மா.

“நீங்க போகலியா?”

“நீ போனா போவேன்.”

“நான் போனா அந்த மரத்த யாரு பாக்குறது?”

“மரமா ஒனக்குச் சோறு போடுது?”

“ரெண்டு நாளு போட்டுச்சே மதினி. மறந்துட்டீங்களா?”

சுப்பம்மாவும் லயத்திலேயே தங்கிவிட்டாள்.

எண்பத்திரண்டு மாசியில் ஒரு கடிதம் வந்தது. அரசாங்கக் காணியில் நெடுநாளாகப் பயிர் செய்கிறவர்களுக்கு, குடியுரிமைக் கடதாசி இருந்தால், அந்த இடத்தையே பெர்மிட் எழுதிக் கொடுக்கப் போகிறார்கள். கண்டியிலிருந்து நில அளவைக்காரர் வந்து பார்ப்பார். வருகிற வியாழக்கிழமை. அந்த எட்டுக் குடும்பங்களுக்கும் கடதாசி இருந்தது. காம்பராவுக்கு வெளியே, தன் பேரில், ஒரு துண்டு மண். இப்படி ஒன்று நடக்கும் என்று அவர்களின் பாட்டன் பூட்டன்கூட நினைத்ததில்லை.

இங்கேதான் அந்தத் தவறு நடந்தது. வேறு எந்த ஊர்க்காரரும் செய்யாத தவறு.

பெரிய மனிதர் தோட்டம் பார்க்க வருகிறார் என்றால் லயத்து ஆட்களுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். கூட்டு, பெருக்கு, குற்றத்தை மறை. துரை வருகிறார் என்றால் கான் வெட்டுவார்கள், புல் பிடுங்குவார்கள், வாசலில் சாணி தெளிப்பார்கள். அங்கமுத்து கங்காணி எட்டுக் குடும்பத்தையும் கூட்டி வைத்துச் சொன்னார்:

“எடத்தப் பளிச்சுன்னு வைக்கணும். ஒளிச்சு வச்சிருக்கிற மரமெல்லாம் வெட்டிருங்க. கமுகு, பலா, கோப்பி, மொளகு ஏத்தின கம்பு, ஒண்ணும் இருக்கப்படாது. ‘நாங்க ஒண்ணையும் திருட்டுத்தனமா ஊணல, கீரை மட்டும் போட்டோம்’னு சொல்லணும். ஒரு மரத்தக் கண்டாலும் கோவப்பட்டு எழுதாமப் போயிருவாரு.”

எல்லாருடைய துண்டிலும் ஒளித்து வளர்த்த மரம் ஒன்றிரண்டு இருந்தது. கங்காணியின் துண்டிலேயே பதினாறு கமுகு. முதல் வெட்டு அவர்தான் போட்டார்.

விழுந்த பலா மரங்களை வாங்க மடவளையிலிருந்து லொறியோடு ஹபீல் முதலாளி வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு மோவாயைத் தடவினார்.

“என்னத்துக்கு எல்லாரும் ஒரே நாள்ல வெட்டித் தள்ளுறீங்க? எங்கட ஊர்ல காணி பார்க்க ஆள் வந்தா மரத்தத்தான் முதல்ல காட்டுவோம். ‘இது எங்கட வாப்பா வெச்சது’ன்டு.”

“ஒங்களுக்குக் காணி உறுதிப் பத்திரம் இருக்கு மொதலாளி,” என்றார் கங்காணி. “எங்களுக்குத் தோட்டத்துச் சட்டம்.”

“அப்ப சரி. நான் மரம் வாங்குற ஆள், புத்தி சொல்ற ஆள் இல்ல.” முதலாளி ஊற்றுப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். “அந்த ரெட்டைப் பலா ஆருட?”

“அது மரமில்ல,” என்றாள் மூக்காயி.

“பின்ன என்ன தங்கச்சி?”

“எம் புள்ள.”

புதன்கிழமை சாயங்காலம் மற்ற ஏழு குடும்பத்தாரும் அவளைச் சுற்றி நின்றார்கள். வெட்டிய அடிக்கட்டைகளுக்கு மேல் மண்ணும் சாணியும் பூசி மெழுகியாயிற்று. விளக்குமாற்றுக் கோடு தெரியப் பெருக்கியாயிற்று. பாக்கி இருந்தது அந்த ஒரு மரம்தான்.

“ஒன் ஒருத்தியாலே ஏழு குடும்பமும் கெட்டுப் போகணுமா?” என்று கங்காணி கேட்டார்.

“நான் யாரையும் கெடுக்கல அண்ணே. காணி குடுக்காட்டிப் போறாங்க. இந்த மரத்தடி எடம் எனக்கு வேணும். மரம் இல்லாத எடம் எனக்கு எதுக்கு?”

“ஒருக்கா வெட்டினதானே? அப்ப மாதிரி இப்பவும் துளுக்கும்.”

“அப்ப அதுக்கு மூணு வயசு. இப்ப இருவது. இருவது வயசுப் பொண்ணு கழுத்துல யாராச்சும் கத்திய வைப்பாங்களா?”

சுப்பம்மா அழுதாள், திட்டினாள், “கல்லுமாரி நிக்கிறா பாரு” என்று மண்ணை வாரித் தூற்றினாள். மூக்காயி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். இருட்டியதும் எல்லாரும் போனார்கள். இராசமணி மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா, வெட்டிட்டாலும் நான் உங்ககூடத்தானே இருப்பேன்?”

“நீ கல்யாணம் கட்டிப் போயிருவ. இது போகாது,” என்றாள் தாய்.

வியாழக்கிழமை வந்த அளவைக்காரர் யாழ்ப்பாணத்து மனிதர், பெயர் சோதிலிங்கம். மெலிந்த உடம்பு, தலையில் தொப்பி. கூட முக்காலியும் நிலம் அளக்கும் சங்கிலியும் தூக்கிக்கொண்டு இரண்டு சிங்களப் பையன்கள். கங்காணி தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் ஓடினார்.

“இஞ்ச ஆக்கள் எவ்வளவு காலமாப் பயிர் செய்யினம்?” என்று சோதிலிங்கம் கேட்டார்.

“நாங்க ஒண்ணும் ஊணலைங்க ஐயா. சும்மா கீரை மட்டும்தானுங்க.”

“நிரந்தரப் பயிர்? தென்னை, கமுகு, பலா?”

“ஐயையோ, ஒண்ணுமில்லீங்க. பாருங்க, பளிச்சுன்னு இருக்கு.”

சோதிலிங்கம் முதல் துண்டைப் பார்த்தார், எழுதினார். இரண்டாவதைப் பார்த்தார், எழுதினார். ஒவ்வொரு துண்டுக்கும் அவர் முகம் வாடிக்கொண்டே போயிற்று. கங்காணியின் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. குற்றம் ஒன்றும் அகப்படவில்லையே!

எட்டாவது துண்டு மூக்காயியுடையது. அளவைக்காரர் இரட்டைப் பலாவின் முன்னால் நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

“இது ஆர் வைச்சது?”

கங்காணிக்கு என்ன தோன்றிற்றோ, “அது தானா மொளைச்சதுங்க ஐயா, காட்டு மரம்” என்றார். முந்தின நாள் அவளைத் திட்டியவர், அந்த நேரத்தில் அவளைக் காப்பாற்றப் பார்த்தார்.

“தானா மொளைக்கல,” என்றாள் மூக்காயி. “நான்தான் வச்சேன். வேலைய நிறுத்துறதுன்னா என்னோட வேலைய நிறுத்துங்க. இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

“எப்ப வைச்சனீங்கள் அம்மா?”

“எம் மக பொறந்தன்னிக்கு. அவளோட கொடி இதுக்கடியிலதான் இருக்கு.”

“அதுக்கு என்ன சாட்சி?”

மூக்காயி மகளைப் பார்த்தாள். இராசமணி ஓடிப்போய்த் தகரப் பெட்டியிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து வந்தாள். சோதிலிங்கம் அதை வாசித்தார், மரத்தின் சுற்றளவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், சிரித்தார்.

“இருவது வருசம். இதைவிட நல்ல சாட்சி நான் ஒரு இடத்திலயும் காணேல்லை. பயப்பிடாதேங்கோ. மரத்தைத்தான் நாங்கள் தேடி வாறது. நட்ட மரம் இருந்தால்தான் நெடுங்காலம் இருந்தனீங்கள் எண்டு எழுதலாம். கீரைக்கு எழுத ஏலாது. மற்ற ஏழு பேருக்கும் எழுத ஒண்டுமில்லை, அதுதான் எனக்குக் கவலை.”

சுப்பம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. செத்த வீட்டில் வருகிற சத்தம். கங்காணி அப்படியே தரையில் குந்திவிட்டார்.

மூக்காயிக்கு அந்த நேரம் சிரிக்க நியாயம் இருந்தது. அவள் சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு சுப்பம்மாவின் துண்டுக்குப் போனாள். மெழுகிய தரையில் ஒரு இடத்தில் குனிந்து சுரண்டினாள். சாணி பெயர்ந்தது, மண் பெயர்ந்தது. பலாவின் அடிக்கட்டை வெளியே வந்தது. அதில் இன்னும் வெள்ளையாகப் பால் கசிந்துகொண்டிருந்தது.

“இது சுப்பம்மா மதினியோட மரம்,” என்றாள். “மகன் பள்ளிக்கூடம் போன வருசம் வச்சது. தொட்டுப் பாருங்க ஐயா, ஈரம். முந்தாநேத்து வரைக்கும் நின்னுச்சு.”

அடுத்த துண்டில் சுரண்டினாள். அடுத்ததில். கங்காணியின் பதினாறு கமுகின் அடியையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். பதினொன்றாவதில் கங்காணி எழுந்து வந்து, தாமே தம் கையால் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தார். பிறகு எல்லாரும் தோண்டினார்கள். முந்தின நாள் மறைத்ததை அத்தனை பேரும் முழங்காலில் நின்று வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு சிங்களப் பையன்களும் குனிந்து தோண்டினார்கள்.

சோதிலிங்கம் தாம் எழுதிய தாள்களைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். ஒவ்வொரு கட்டையின் சுற்றளவையும் அளந்தார். வெயில் சாய்கிற வரைக்கும் அளந்தார்.

எல்லாம் முடிந்தபோதுதான் இன்னொரு சங்கடம் வந்தது. பையன்கள் ஊற்றுக்கண்ணிலிருந்து சங்கிலி பிடித்தார்கள். முழுச் சங்கிலித் தூரத்தில் ஒரு எல்லைக்கல்லை வைத்தார்கள். மரம் கல்லுக்கு உள்ளே, ஊற்றுப் பக்கம் நின்றது.

“இதுக்கு மேல உள்ளது உங்கட காணி அம்மா,” என்றார் சோதிலிங்கம். “கீழ உள்ளது ஊற்றுக்கு ஒதுக்கு. தண்ணியைக் காப்பாத்த அரசாங்கம் வைச்சிருக்கிற நிலம். அதை ஒருத்தருக்கும் எழுதேலாது.”

“மரம்?”

“மரமும் ஒதுக்குக்குள்ளதான்.”

மூக்காயி போய் எல்லைக்கல் குழியில் காலை வைத்து நின்றாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்பாளே, அதே நிலை. “மரம் இல்லாம எனக்குக் காணி வேணாங்க. கல்ல அந்தாண்ட வையுங்க.”

“அம்மா, உங்கட மரத்தை வைச்சுத்தான் காணியே கிடைக்குது. ஆனா அது நிக்கிற இடம்...”

“எனக்கு அதெல்லாம் வெளங்காது. நான் நகரமாட்டேன்.”

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். சோதிலிங்கம் சிரிக்கவில்லை. எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

“எங்கட ஊர் சாவகச்சேரி. எங்கட வளவிலயும் பலா நிக்குது. அம்மா வைச்சது. நான் உங்களுக்குப் பொய் சொல்லமாட்டன். இந்தக் கல்லுக்கு உள்ள நிக்கிற மரத்தை ஒருத்தரும் வெட்டக் கூடாது. வெட்டினால் வழக்கு.”

மூக்காயி தலையைத் தூக்கினாள். “ஒருத்தருமா?”

“ஒருத்தரும்.”

“தொர?”

“துரையும்தான்.”

“கங்காணி?”

அங்கமுத்து வேறு பக்கம் பார்த்தார். “கங்காணியும்தான்,” என்றார் சோதிலிங்கம்.

“எனக்குப் பொறகு, இந்தக் காணி யாரு கைக்குப் போனாலும்?”

“போனாலும். நீங்களும் வெட்டேலாது. பழம் பறிக்கலாம், நிழல்ல இருக்கலாம்.”

அவள் குழியிலிருந்து காலை எடுத்தாள். எல்லைக்கல்லைத் தானே இரண்டு கையாலும் பிடித்து நேராக நிறுத்தி, சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்கினாள்.

“இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் ஐயா வழிய மறிக்கிறேன்?” என்றாள்.

அடுத்த வருடம் ஆடியில் மறுபடி கலவரம். மறுபடி அதே புதர், அதே ஊற்று. இந்தத் தடவை எட்டுக் குடும்பமும் அங்கேதான். கங்காணிக்கு மரத்தடியில் சாய்ந்துகொள்ள இடம் கொடுத்தாள் மூக்காயி. அவருக்கு முதுகுவலி. சோதிலிங்கம் கண்டியை விட்டு யாழ்ப்பாணம் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டார்கள். அவர் திரும்பி வரவில்லை. அந்தப் பக்கம் போர் தொடங்கிவிட்டது. பலாப்பழம் பழுக்கும் போதெல்லாம் மூக்காயி, “சாவகச்சேரி ஐயா என்ன ஆனாரோ” என்பாள்.

பெர்மிட் வர எண்பத்தைந்து ஆயிற்று. எட்டுப் பேருக்கும் வந்தது. கூடவே ஆளுக்கொரு வரைபடம். வாசலில் உட்கார்ந்து, கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, இராசமணி தாய்க்கு அதை வாசித்துக் காட்டினாள்.

“இது நம்ம காணிம்மா. இந்தக் கோடு எல்லைக்கல்லு. இந்தப் பக்கம் ஒதுக்கு. ஒதுக்குக்குள்ள ஒரே ஒரு வட்டம் போட்டிருக்கு.”

“என்னா வட்டம்?”

“மரம்மா. பக்கத்துல பேனாவால பொடிசா எழுதியிருக்கு.” இராசமணி கடதாசியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். “‘இரட்டைப் பலா. வயது இருபது. நட்டவர் மூக்காயி.’”

மூக்காயி அதை மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். மூன்றாம் தரம் முடியும்போது சுப்பம்மா வேலியோரம் வந்து நின்றாள். பெர்மிட் வந்த சந்தோஷமும் இருந்தது, ஒரு கவலையும் இருந்தது.

“மதினி, வெட்டின கட்டையில வந்த துளிரு ரெண்டு இப்ப ஆள் ஒசரம் ஆயிருச்சு. எத விடுறது, எத வெட்டுறது?”

“கத்திய உள்ள வையுங்க மதினி,” என்றாள் மூக்காயி. “ரெண்டும் இருக்கட்டும்.”